பழைய வின்செஸ்டர் 94-க்கு உதை குறைந்த தோட்டா: மருந்தைப் பாதியாக்கினால் போதுமா?

தொடக்கப் பதிவு

அனைவருக்கும் வணக்கம். நான் பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். என் மனைவியின் தாத்தா, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மான் வேட்டைக்குக் கொண்டுசென்ற தம் வின்செஸ்டர் 94 லீவர் ரைஃபிளைச் சென்ற கோடையில் என்னிடம் ஒப்படைத்தார். அதற்குரிய தோட்டா வகையின் பெயர் .30-30. வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் 1920-களில் செய்யப்பட்டது. நீலப்பூச்சு உரிந்து, நெம்புகோலின் ஓரங்கள் கைபட்டுக் கைபட்டு வெள்ளி போல மின்னுகின்றன. குழலின் உட்புறம் மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது.

என் மகளுக்கு 14 வயது. அந்தத் துப்பாக்கியின் மேல் அவளுக்குப் பெரும் ஆசை. ஆனால் தோள்கட்டையின் முனையில் ரப்பருக்குப் பதிலாக இரும்புத் தகடு இருப்பதால், கடையில் வாங்கும் தோட்டாவை மூன்று முறை சுட்டதும் தோள் சிவந்துவிடுகிறது. ஐம்பது கஜத்தில் காகித இலக்கைச் சுடுவதற்கு அவ்வளவு வேகம் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். கைத்துப்பாக்கித் தோட்டாக்களை 2 ஆண்டுகளாக நானே அடைத்து வருகிறேன். ரைஃபிளுக்கு இதுவரை அடைத்ததில்லை. தோட்டா அடைப்போருக்கான கையேட்டில் .30-30-க்குப் போட்டிருக்கும் வெடிமருந்தையே எடுத்துக்கொண்டு, அளவை மட்டும் பாதியாகக் குறைத்தால் மென்மையான தோட்டா கிடைத்துவிடாதா?

மறுமொழி 1

நண்பரே, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்.

மருந்து குறைந்தால் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும் என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. ஒரு குறிப்பிட்ட எல்லை வரைதான் அந்தக் கணக்கு செல்லும். ரைஃபிளுக்கான மெதுவாக எரியும் மருந்துகள், பித்தளை உறை ஏறக்குறைய நிரம்பியிருக்கும் நிலையில், உரிய அழுத்தத்தில் சீராக எரியும்படி செய்யப்பட்டவை. அவற்றைப் பாதியாகக் குறைத்து உறைக்குள் வெற்றிடம் விட்டால், ஒரு முறை முழுதும் எரியாமல் மந்தமாகும். இன்னொரு முறை எரிதல் தடுமாறி, குண்டு குழலின் தொடக்கத்திலேயே தயங்கி நிற்க, அதன் பின்னால் அழுத்தம் திடீரென எகிறும். நிரம்ப அடைத்த தோட்டாவில் நன்றாக இருந்த துப்பாக்கி, குறைத்து அடைத்த தோட்டாவில் வெடித்துச் சிதறிய நிகழ்வுகள் உண்டு. எச் 110 என்ற மருந்துக்கு அதைச் செய்யும் ஹாட்ஜ்டன் நிறுவனமே, கொடுத்த அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே, மென்மையான தோட்டாவுக்கு வழி, குறைந்த அழுத்தத்திலும் ஒழுங்காக எரியும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதான். எனக்குத் தெரிந்த நேர்மையான பாதைகள் மூன்று. ஒன்று, எச் 4895: கையேட்டில் அந்தத் தோட்டாவுக்கு எச் 4895-க்கென்று கொடுத்திருக்கும் உச்ச அளவின் 60 சதவீதம் வரை இறங்கலாம் என்று ஹாட்ஜ்டனே வழிகாட்டியிருக்கிறது. ஐஎம்ஆர் 4895 என்று பெயர் ஒத்த இன்னொரு மருந்தும் கடையில் இருக்கும். அது வேறு, இந்த விதி அதற்குப் பொருந்தாது. இரண்டு, டிரெயில் பாஸ்: கவ்பாய் பாணிச் சுடுபோட்டிகளுக்கென்றே வந்த மருந்து. ஒவ்வொரு துகளும் நடுவில் துளையிட்ட சிறு உளுந்து வடை போல இருப்பதால் எடைக்கு மிஞ்சிய இடத்தை அடைத்துக்கொள்ளும். சில ஆண்டுகளாகக் கடைகளில் அது கிடைப்பதே அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் குண்டை வைத்து அழுத்தி நசுக்கக் கூடாது. மூன்று, யூனிக் போன்ற வேகமாக எரியும் பழைய மருந்துகளும் வார்த்த ஈயக் குண்டும். தாத்தா காலத்து முறை இதுவே.

அளவை நான் இங்கே எழுதப் போவதில்லை. அச்சிட்ட கையேட்டில், உங்கள் குண்டின் எடைக்கும் வகைக்கும் நேராகப் போட்டிருக்கும் எண்ணைத் தவிர வேறு எதையும், முகம் தெரியாத ஒருவர் எழுதியதை நம்பித் தராசில் வைக்க வேண்டாம்.

மறுமொழி 2

நூறு ஆண்டுப் பழைய துப்பாக்கி என்கிறீர்கள். அந்தக் காலத்தில் எல்லாம் கருமருந்து என்னும் புகை மிகுந்த பழைய வகை வெடிமருந்துதானே? கருமருந்தையே அடைத்தால் அழுத்தம் தானாகவே குறைவாக இருக்குமே.

மறுமொழி 3

ஐயா, உங்கள் எண்ணம் வேறு சில துப்பாக்கிகளுக்குச் சரி, இதற்குச் சரியில்லை. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894 மாதிரி முதலில் .32-40, .38-55 ஆகிய கருமருந்துத் தோட்டாக்களுக்குத்தான் விற்பனைக்கு வந்தது. ஆனால் 1895-இல் வின்செஸ்டர் அதற்கு நிக்கல் கலந்த எஃகில் குழல் செய்து, .30 டபிள்யூசிஎஃப் என்ற பெயரில் புகையற்ற மருந்துத் தோட்டாவைக் கொண்டுவந்தது. அதையே நாம் இன்று .30-30 என்கிறோம். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களுக்கென்று புகையற்ற மருந்தோடு பிறந்த முதல் சிறுகுழல் தோட்டா அது. முதல் தோட்டாவில் 160 கிரெய்ன் (ஏறக்குறைய 10 கிராம்) குண்டு, விநாடிக்கு ஏறக்குறைய 1,970 அடி வேகம். அந்தத் துப்பாக்கிக்குக் கருமருந்து தேவையே இல்லை. அடைத்தால் உள்ளே படியும் கரி ஈரத்தை இழுத்து, ஒரு வாரத்தில் குழலைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

நீங்கள் சொல்வது 1873 மாதிரிக்குப் பொருந்தும். என்னிடம் ஒன்று இருக்கிறது, .44-40. அதன் பூட்டு, முழங்கால் மடங்குவது போன்ற இரட்டை இணைப்பு. வலிமையான பூட்டு என்று அதைச் சொல்ல முடியாது. அமெரிக்கத் துப்பாக்கித் தொழில்துறையின் தர அமைப்பு .44-40-க்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டுதான்; .30-30-க்கோ 42,000. 1903 முதல் வின்செஸ்டர் அதே .44-40-இல் அதிவேகத் தோட்டா ஒன்றை 1892 மாதிரிக்காக விற்றபோது, 1873-இல் போடக் கூடாது என்று பெட்டியின் மேலேயே எச்சரித்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தோட்டா! துப்பாக்கியின் ஆண்டைவிட அதன் பூட்டு எப்படிப்பட்டது, அது எந்த மருந்துக்கென்று பிறந்தது என்று கேட்பதே முறை.

94-இன் பூட்டுக்கட்டை, போல்ட்டின் (உறையைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் எஃகுத் தண்டின்) பின்புறத்தில் கீழிருந்து மேலேறி அணைக்கிறது. அதனால் சுடும்போது போல்ட் முழு நீளத்துக்கும் சிறிது அமுங்கி மீள்கிறது. அந்த அளவுக்குப் பித்தளை உறையும் நீள்கிறது. நிரம்ப அடைத்த தோட்டாவையே தொடர்ந்து சுட்டுத் திரும்ப அடைத்தால், உறையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே ஒரு வெளிறிய வளையம் தோன்றும். அந்த இடத்தில்தான் பிறகு இற்றுவிடும். மென்மையான தோட்டாவில் இந்த நீட்சி ஏறக்குறைய இல்லாமலே போகிறது. உங்கள் மகளின் தோளுக்கும் நல்லது, அந்தப் பழைய இரும்புக்கும் நல்லது என்பதால் இந்த முயற்சியை நான் மனதார வரவேற்கிறேன்.

மறுமொழி 4 (தொடக்கப் பதிவர்)

பாதி அளவு யோசனையைக் கைவிட்டுவிட்டேன். வேகமான மருந்தும் ஈயக் குண்டும் என்ற மூன்றாவது வழி மனத்துக்குப் பிடித்திருக்கிறது. குண்டு எப்படி இருக்க வேண்டும், நானே வார்க்கலாமா?

மறுமொழி 5

தம்பி, நான் 20 ஆண்டுகளுக்கு மேலாக என் வீட்டுக் கார் கொட்டகையில் குண்டு வார்க்கிறேன். தாராளமாக வார்க்கலாம்.

முதலில் முனை. உங்கள் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் முனை முன்னால் இருப்பதன் பிரைமரை (அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும், உறையின் அடியிலுள்ள சிறு மூடியை) முட்டிக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டானால், உதையின் அதிர்ச்சியில் அதுவே ஊசியாகி முன்னதை வெடிக்கச் செய்யும். ஆகவே தட்டைமுனை. லைமன் அச்சு 311041 இந்தத் தோட்டாவுக்கென்றே பல தலைமுறையாகப் புழங்குவது. ஏறக்குறைய 170 கிரெய்ன் எடை, தட்டைமுனை, அடியில் கேஸ் செக் என்னும் செம்புத் தொப்பி பொருத்த விளிம்பு. நீங்கள் போக நினைக்கும் விநாடிக்கு 1,300 அடி வேகத்துக்குத் தொப்பி கட்டாயமில்லை. ஆனாலும் விளிம்புள்ள குண்டுக்குத் தொப்பி போட்டால்தான் என் துப்பாக்கியில் குறி கூடிவருகிறது.

அடுத்தது அளவு. குண்டு குழலைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பருத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும். புத்தகத்தில் .308 அங்குலம் என்று போட்டிருந்தாலும் பழைய குழலை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். துப்பாக்கி காலி என்று இருமுறை உறுதிசெய்தபின், எண்ணெய் தடவிய மெத்தென்ற தூய ஈயத் துண்டை வாய்ப்புறத்தில் வைத்து மரச் சுத்தியால் தட்டி நுழைத்து, பித்தளைக் கம்பியால் மெல்லத் தள்ளுங்கள். தள்ளும்போதே கைக்குத் தெரியும்: சில இடத்தில் வழுக்கும், சில இடத்தில் இறுகும். வெளியே வந்த துண்டின் உடம்பில் வரிப்பள்ளங்கள் முத்திரை போலப் பதிந்திருக்கும். மைக்ரோமீட்டரால் அதன் பெரிய விட்டத்தை எடுங்கள். என் அண்டை வீட்டுக்காரரின் 94-இல் அது .309 வந்தது, அவர் .311 குண்டு போட்ட பிறகே இலக்கில் குண்டுகள் ஒன்று சேர்ந்தன.

வார்க்கும்போது கதவைத் திறந்து வைத்து, காற்று உங்கள் முதுகிலிருந்து கொப்பரையை நோக்கிச் செல்லும்படி நில்லுங்கள். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். அச்சு சூடேறும் முன் வார்த்த முதல் பத்துப் பன்னிரண்டு குண்டுகள் சுருங்கிய தோல் போலத் திரைந்து வரும்; கவலைப்படாமல் திரும்பக் கொப்பரையில் போடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உருகிய ஈயத்துக்குள் போகக் கூடாது. போனால் நீராவி கொப்பரையையே வாரி முகத்தில் இறைத்துவிடும். வியர்வைத் துளியும் தண்ணீர்தான். முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள், அந்த உடையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

இன்னொன்று: கடைத் தோட்டாவின் குண்டு செம்பு உறையிட்டது என்பதால் தாத்தாவின் குழலில் ஐம்பது ஆண்டுச் செம்புப் படிவு இருக்கும். அதை முழுதும் துடைத்தெடுத்த பிறகே ஈயத்தைச் சுட வேண்டும்.

மறுமொழி 6

மேலே அக்கா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எனக்கே நேர்ந்தது, என் தவறு.

செம்பு உறையிட்ட குண்டை வைத்து மிக மெல்லிய தோட்டா செய்ய முயன்றேன். கையேட்டில் அந்த மருந்துக்கு ஈயக் குண்டுக்கான அளவு மட்டுமே இருந்தது. எடை ஒன்றுதானே என்று அதையே எடுத்துக்கொண்டேன். ஆறாவது தோட்டா சுடும்போது ‘டப்’ என்று ஒரு மங்கிய ஓசை, தோளில் உதை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பழக்கத்தில் நெம்புகோலை இறக்கி ஏற்றிவிட்டேன். அடுத்த தோட்டா உள்ளே போய்விட்டது. விரல் விசையில் இருந்தது. இலக்கில் துளை விழாததைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த என் நண்பர் “நிறுத்து” என்று கத்தியிராவிட்டால் நான் சுட்டிருப்பேன்.

தோட்டாக்களையெல்லாம் வெளியேற்றி, வாய்ப்புறத்திலிருந்து கம்பியை விட்டால் பதினோரு அங்குலத்தில் முட்டி நின்றது. குழலின் நடுவில் குண்டு உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் பருத்திருக்கும் அல்லது பிளந்திருக்கும். செம்பு உறை, ஈயத்தைவிடக் குழலைக் கெட்டியாகப் பற்றுகிறது; அதைத் தள்ளிக் கடத்தத் தேவையான அழுத்தம் மெல்லிய தோட்டாவில் எப்போதும் இருக்கும் என்ற உறுதியில்லை. எண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டுப் பித்தளைக் கம்பியால் அடித்து எடுத்தோம்.

உங்கள் மகள் சுடும்போது அருகில் நின்று ஓசையைக் கேளுங்கள். ஓசை மாறினால், துளை தெரியாவிட்டால், நெம்புகோலைத் தொடவிடாமல் முதலில் கம்பியைக் கையில் எடுங்கள். 94-இல் போல்ட்டைக் கழற்றிப் பின்புறமிருந்து குழலைப் பார்க்க எளிதில் முடியாது என்பதால் கம்பி எப்போதும் பையில் இருக்கட்டும்.

மறுமொழி 7

வேகமான மருந்து உறையில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. தோட்டாவைக் கீழ்நோக்கிப் பிடித்தால் மருந்து குண்டுப் பக்கமும், மேல்நோக்கிப் பிடித்தால் பிரைமர் பக்கமும் போய்ச் சேருவதால் வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறுகிறது. நான் பல ஆண்டுகளாக மருந்தின் மேல் பாலியெஸ்டர் பஞ்சு கொஞ்சம் வைத்து அதைப் பின்னால் நிறுத்துகிறேன். வேகம் சீராக வருகிறது.

மறுமொழி 8

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் புதியவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பஞ்சு மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே முழுதும் நிரம்பாமல் தனிக் கட்டியாக நின்றால், அது முன்னே பாய்ந்து குண்டின் அடியில் மோதும் இடத்தில் தோட்டா அறையின் சுவரில் ஒரு வளையம் பதிந்துவிடுவதை இரண்டு பழைய துப்பாக்கிகளில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதன்பின் சுட்ட உறை அந்த வளையத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. நூறு ஆண்டுத் துப்பாக்கிக்கு அந்தக் கேடு வேண்டாம். ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன், சுடுதளத்தின் விதி இடம் கொடுத்தால், வாயைச் சற்று உயர்த்தி மெதுவாக இறக்கினாலே மருந்து பின்னால் போய்ச் சேரும். ஐம்பது கஜத்துக்கு அந்தச் சீர்மை போதும்.

உறை பெரிது, மருந்து சிறிது என்பதால் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. இருமுறை மருந்து விழுந்தாலும் வழியாது. ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம், நம் ஊர்க் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. அந்த எடையில் கண் ஏமாறுவது எளிது. ஐம்பது உறைகளையும் மரப்பலகையின் துளைகளில் நிறுத்தி மருந்திட்டு, கைவிளக்கை மேலே பிடித்து, வரிசை வரிசையாக ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைப் பார்த்த பிறகே முதல் குண்டை வைப்பது என் வழக்கம். அந்த நேரத்தில் தொலைபேசி ஒலித்தால் எடுப்பதில்லை.

மறுமொழி 9 (தொடக்கப் பதிவர்)

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். குழலை அளந்தேன்: .3085. குண்டை .310-க்கு அளவுபடுத்தி, தேன்மெழுகு கலந்த பூச்சுப் போட்டு, கையேட்டின் தொடக்க அளவில் 20 தோட்டா அடைத்தேன். குழாயிலுள்ள சுருள்வில்லின் அழுத்தத்தில் குண்டு உள்ளே நழுவாமலிருக்க உறையின் வாயைக் குண்டின் பள்ளத்தில் இறுக்கினேன். வேகமானியில் சராசரி விநாடிக்கு 1,280 அடி.

ஆனால் இரண்டு விஷயங்கள் பயமூட்டுகின்றன. சுட்ட உறைகளின் கழுத்தும் தோளும் கரி பூசியது போலக் கறுத்திருக்கின்றன. பிரைமர்கள் உறையின் அடியிலிருந்து சற்றே வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. விரலால் தடவினால் நெருடுகிறது. அழுத்தம் மிகுந்துவிட்டதா?

மறுமொழி 10

இல்லை, இரண்டுமே அழுத்தம் குறைவு என்பதன் அடையாளம். .30-30 உறைக்கு விளிம்பு உண்டு. அந்த விளிம்பில்தான் அது துப்பாக்கிக்குள் நிற்கிறது. சுத்தியல் அடித்ததும் ஊசி உறையை முன்னே தள்ளுகிறது. பிரைமர் வெடித்துத் தான் மட்டும் பின்னால் நகர்ந்து போல்ட்டில் முட்டுகிறது. நிரம்ப அடைத்த தோட்டாவில் உடனே எழும் பேரழுத்தம் உறையையும் பின்னால் தள்ளி, பிரைமரை அதன் குழிக்குள் மீண்டும் அமர்த்திவிடும். உங்கள் தோட்டாவில் உறை நகரும் அளவுக்கு அழுத்தம் இல்லை. ஆகவே பிரைமர் வெளியிலேயே நின்றுவிட்டது. கறுப்பும் அப்படியே: கழுத்துப் பித்தளை விரிந்து சுவரை அடைக்கும் முன் புகை பின்னால் கசிந்திருக்கிறது. துடைத்தால் போய்விடும்.

துருத்தல் எவ்வளவு என்று அளந்து எழுதி வையுங்கள். அது ஏறக்குறைய உங்கள் துப்பாக்கியின் போல்ட்டுக்கும் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி. அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு, பத்து என்றால் வயதுக்கு இயல்பு. அதைவிடக் கணிசமாக மிகுந்தால், நிரம்ப அடைத்த தோட்டாவைப் போடும் முன் துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். மென்மையான தோட்டாவின் பெட்டியில் பெரிய எழுத்தில் பெயரெழுதி, கடைத் தோட்டாவோடு கலக்காமல் வேறு அலமாரியில் வையுங்கள்.

மறுமொழி 11 (தொடக்கப் பதிவர்)

அளந்தேன், ஆயிரத்தில் ஏழு. நிம்மதியாக இருக்கிறது.

நேற்று மகளை அழைத்துச் சென்றேன். உதையின் ஆற்றலைக் காகிதத்தில் கணக்கிட்டால் கடைத் தோட்டாவில் ஏறக்குறைய கால்பங்குதான் வருகிறது. அவள் முப்பது தோட்டா சுட்டாள், தோளைத் தடவிக்கொள்ளவே இல்லை. குண்டு முதலில் இலக்குக்கு நான்கு அங்குலம் கீழே விழுந்தது. பின்குறியின் படியை இரண்டு பல் ஏற்றியதும் நடுவுக்கு வந்தது. கடைசி ஐந்து தோட்டாக்கள் ஐம்பது கஜத்தில் இரண்டங்குலத்துக்குள் விழுந்தன. தாத்தா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஓசைக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பியதும் குழலைத் துடைத்தேன். துணியில் ஈயத் துகள் எதுவும் வரவில்லை. முப்பது உறைகளையும் கழுவிக் காயவைத்திருக்கிறேன். அடுத்த முறை வார்க்கும்போது தானும் உடன் நிற்க வேண்டும் என்கிறாள். ஈயத்தின் அருகே இந்த வயதில் வேண்டாம், மருந்திட்ட உறைகளைக் கைவிளக்கு பிடித்துச் சரிபார்க்கும் வேலையைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.